செய்யமாட்டோம் என்னும் ஒரு வரி

1

போன வாரம் எங்கள் மகள் நிர்மலாவின் பள்ளியிலிருந்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவளுக்கு நான்கு வயது. யாரையாவது கடித்துவைத்தாளோ என்று பயந்துகொண்டே, அலுவலகத்தில் சொல்லிவிட்டு டிராம் ஏறினேன். ஜெனீவாவில் ஒரு டீச்சர் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுவது என்றால் சின்ன விஷயமல்ல. கதவைச் சாத்திவிட்டு, தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள்.

தண்ணீர் வந்தது. கதவும் சாத்தியாயிற்று. டீச்சர் இளம்பெண், ரொம்ப நல்ல மாதிரி.

"அப்பாவும் அம்மாவும் முதலில் எப்படிச் சந்தித்தார்கள் என்று குழந்தைகளைக் கேட்டேன். ஒரு பையன் பனிச்சறுக்கில் என்றான். ஒரு பெண் ரயிலில் என்றாள். உங்கள் மகள் சொன்னதுதான்..." என்று இழுத்தாள். "அணுகுண்டுக்காக இரண்டு பேரும் சண்டை போட்டார்களாம். அம்மா ஜெயித்தாளாம். அதனால் கல்யாணமாம். வீட்டில் ஏதாவது கஷ்டமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "எல்லாம் உண்மைதான்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பிரெஞ்சில் விவாதத்துக்கு 'தெபா' என்று பெயர்; சண்டைக்கு 'கொம்பா'. அவசரத்தில் என் வாயில் இரண்டாவதுதான் வந்தது. "கோவிலுக்குப் பின்னாலிருந்த மண்டபத்தில், ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில், நானும் என் கணவரும் சண்டை போட்டோம். ஒரு வக்கீல் தலைமை தாங்கினார்" என்று நான் விளக்க விளக்க, அந்தப் பெண்ணின் கண்கள் பெரிதாகிக்கொண்டே போயின. கடைசியில் மேஜையில் கைதட்டிக் காட்டி, மேடைப்பேச்சாளர் மாதிரி விரலை ஆட்டி நடித்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் அவளும் சிரித்தாள்.

நிர்மலா வெளியே கோட்டு மாட்டிக்கொண்டு நின்றாள். "ஏண்டி அப்படிச் சொன்ன?" என்று தமிழில் கேட்டேன். அவள் பிரெஞ்சில், "பொய்யா சொன்னேன்?" என்று கேட்டாள். இந்தக் குழந்தைக்கு நாங்கள் பேசும் தமிழ் முழுவதும் புரிகிறது. பதில் மட்டும் தமிழில் வருவதில்லை. ரசத்தைக்கூட 'சூப்' என்கிறாள்.

இந்த மாதம் எங்களுக்கு ஐந்தாவது கல்யாண நாள். லஷ்கர் மொகல்லாவில் என்னைத் தெரிந்தவர்களுக்குப் பாதிக் கதை தெரியும். மீதிப் பாதி இங்கே, ஒரு மாநாட்டு மண்டபத்தில் நடந்தது. டீச்சருக்குச் சரியாகச் சொல்ல முடியாததை, மைசூரில் இருக்கும் உங்களுக்காவது முழுதாகச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2

1964 அக்டோபரில் சீனா அணுகுண்டு வெடித்துப் பார்த்தது. அவர்களோடு நமக்கு எல்லையில் போர் நடந்து அப்போது இரண்டே வருடம்தான் ஆகியிருந்தது. தேவராஜ மார்க்கெட்டில் கொத்தமல்லி வாங்கப் போனாலும் அதே பேச்சு. நாமும் குண்டு செய்ய வேண்டும் என்றது ஒரு கட்சி. வேண்டாம், ஏற்கெனவே குண்டு வைத்திருக்கும் பெரிய நாடுகளிடம் 'உங்களுக்கு ஆபத்து வந்தால் வந்து காப்பாற்றுவோம்' என்று உறுதி வாங்கிக்கொண்டால் போதும் என்றது இன்னொரு கட்சி.

எங்கள் பகுதித் தமிழர்கள் சிலர் சேர்ந்து ஒரு வாசகர் வட்டம் நடத்திவந்தார்கள். அவர்கள் ஒரு விவாதம் ஏற்பாடு செய்தார்கள். 'குண்டு இல்லாத நாட்டுக்குப் பெரிய நாடுகளின் உறுதிமொழி போதுமா?' என்பது தலைப்பு. போதும் என்று பேச, டேனியல் என்ற சயன்ஸ் மாஸ்டர். போதாது என்று பேச ஆள் கிடைக்கவில்லை. என் பேரைக் கொடுத்தவர் என் அப்பாதான். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கிளார்க்காக இருந்த அவர், "எங்க செலின் ரேடியோ கூடவே வாக்குவாதம் பண்ணுவா, அவள மேடையில நிப்பாட்டுங்க" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார். பின்னால் இதை அவருக்கு நாங்கள் அடிக்கடி ஞாபகப்படுத்துவோம்.

நான் அப்போது ஒரு பட்டு வியாபாரியின் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். சுருக்கெழுத்தும் தெரியும். மேடை மட்டும் தெரியாது. மண்டபம் நிறைந்திருந்தது. எங்கள் கத்தோலிக்கக் கோவில்காரர்கள், புராட்டஸ்டண்டு சபைக்காரர்கள், அக்கிரகாரத்திலிருந்து வந்து தங்களுக்கென்று ஒரு தமிழ் பேசும் இரண்டு ஐயங்கார் மாமாக்கள், எல்லாரும் இருந்தார்கள்.

டேனியல் முதலில் பேசினார். ஒல்லியாக, உயரமாக, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். பேச ஆரம்பித்ததும் அந்தக் கைகள் தங்கள் வேலையைக் கண்டுபிடித்துக்கொண்டன.

"நம்ம வீட்டுல தீப்பிடிச்சா பக்கத்து வீட்டுக்காரரு தண்ணி கொண்டுட்டு ஓடி வர்றாரு. ஏன்? நம்ம மேல இருக்கிற பிரியத்தினாலயா? இல்ல. விட்டா அவரு வீடும் பத்திக்கும். பெரிய நாடுங்களும் அப்படித்தான். அவங்க சொந்த நலத்துக்காகவாவது வருவாங்க. அந்த உறுதி கையில இருந்தா, நமக்கெதுக்கு குண்டு?"

நல்ல கைதட்டல். என் முறை வந்தது. எழுதி வைத்திருந்த முதல் வரி மறந்துபோய், மனசில் இருந்தது நேராக வந்துவிட்டது.

"மாஸ்டர் சொன்னது சரி. ஆனா அது வீட்டுத் தீ. தண்ணி ஊத்தினா அணையும். இது அப்படி இல்ல. நம்ம சாமுண்டி மலை மேல எவனோ குண்டு போட்டுட்டான்னு வைங்க. காப்பாத்த வர்றவன் ஊர் மேலயும் அவன் போடுவான். மண்டி மொகல்லாவுக்காக தன்னோட ஊரப் பலி கொடுக்க எந்த நாட்டுத் தலைவரு சம்மதிப்பாரு? சம்மதிச்சா அவரு ஜனங்க விடுவாங்களா? வர்றேன்னு சொல்றது சுலபம். வர்ற அன்னிக்கு அவருக்கு நூறு யோசனை வரும்."

"அப்ப நாமளே குண்டு செய்யணும், அல்வா?" என்று 'அல்லவா'வைக் கன்னடத்தில் சொல்லி ஒருவர் பின்னாலிருந்து கேட்டார்.

"அதையும் நான் சொல்லல. இந்த உறுதி போதாதுன்னு மட்டும்தான் சொல்றேன். போதும்ங்கற மாதிரி வேற ஏதாவது இருக்கணும். அது என்னன்னு எனக்கு இன்னும் தெரியல."

தெரியாது என்று மேடையில் சொன்னதுதான் ஜனங்களுக்குப் பிடித்துப்போயிற்று போலிருக்கிறது. கை தூக்கச் சொன்னபோது என் பக்கம் நிறையக் கைகள் எழுந்தன. அப்பா இரண்டு கையையும் தூக்கினார். தலைமை வகித்த வக்கீல் ஒன்றை இறக்கச் சொன்னார்.

கூட்டம் கலைந்ததும், சைக்கிளை உருட்டிக்கொண்டு டேனியல் வந்தார். "அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லீங்க. ஆனா நான் ஒத்துக்கவும் இல்ல. வர சனிக்கிழமை பதில் சொல்றேன்."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான். வேற யாரு கேட்டாங்க?"

3

அந்தச் சனிக்கிழமை லைப்ரரி வாசலில் பதில் சொன்னார். நான் அதை உடைத்தேன். அடுத்த சனிக்கிழமை வேறொரு பதில். மறுபடி உடைத்தேன். உலக நாடுகள் எல்லாவற்றையும் நாங்கள் இரண்டு பேரும் அந்த வாசற்படியில் வைத்துப் பங்குபோட்டுப் பாதுகாத்தோம். ஒரு சனிக்கிழமை நல்ல மழை, அவர் வரவில்லை. உடைக்க ஒரு பதிலும் இல்லாமல் நான் மட்டும் நின்றேன். அன்று வீட்டுக்கு நடந்துபோகும்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது.

அப்பாவுக்கு விளங்கியபோது வீடு இரண்டுபட்டது.

"புராட்டஸ்டண்டு பையனா?" என்றார். அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம். எங்கள் வீட்டில் 'சேசு' என்போம், அவர்கள் வீட்டில் 'இயேசு' என்பார்கள். அந்த ஒரு எழுத்துக்குள் எத்தனையோ பேரின் கல்யாணம் நின்றுபோயிருக்கிறது. டேனியலை வளர்த்தது அவருடைய அக்கா கிரேஸ். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர்களுக்கும் சம்மதமில்லை. "என் தம்பிய மதம் மாத்தி வாங்கிக்கிற எண்ணம் இருந்தா இப்பவே விட்டுடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அம்மாதான் அப்பாவைப் பேச்சுவார்த்தைக்கு இழுத்து வந்தாள். "பொண்ண குடுக்கிறதா இருந்தா எனக்கு உறுதி வேணும். நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா வந்து நிக்க ரெண்டு பெரிய மனுஷங்க முன்னால வரணும்" என்று அப்பா நிபந்தனை போட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் எங்கள் வீட்டில் கூடினார்கள். டேனியல் பக்கம் அவருடைய பள்ளி ஹெட்மாஸ்டரும் கிரேஸ் அக்காவும். எங்கள் பக்கம், ஹனூருக்குப் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் பெரியப்பா. நான் சமையலறை வாசலில் காப்பித் தட்டோடு நின்றேன்.

ஹெட்மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பிரச்சினை ஏதாவது வந்தா, நிலைமைய நல்லா ஆராய்ஞ்சு, தகுந்த நேரத்துல, செய்ய வேண்டியத செய்ய நாங்க முயற்சி எடுப்போம்."

அப்பா பெரியப்பாவைப் பார்த்தார்.

"நானும் வந்து பாக்கறனுங்க. புள்ளைக்கு ஒண்ணுன்னா வராமப் போவனா? வெள்ளாம நேரமா மட்டும் இருந்துட்டா, பஸ்ஸ புடிச்சு வந்து சேர ரெண்டு நாளாயிருமுங்க" என்றார் பெரியப்பா.

அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தட்டில் டம்ளர்கள் ஆடின. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இனி உள்ளே போவதில் அர்த்தமில்லை.

"அப்பா, நான் ஒண்ணு கேக்கலாமா?"

"நீ எப்பதான் கேக்காம இருந்த? கேளு."

தட்டைக் கீழே வைத்துவிட்டு டேனியலைப் பார்த்தேன். "யாரு வந்து காப்பாத்துவாங்கங்கற பேச்சு வேண்டாம். அவங்க வர்ற மாதிரி ஒரு நிலைமை வந்தாத்தானே அது? நீங்க என்ன செய்வேன்னும் சொல்ல வேண்டாம். என்ன செய்யமாட்டீங்க, அத மட்டும் சொல்லுங்க."

அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மேடையில் எனக்குத் தெரியாமல் போன பதில் இதுதான் என்று பட்டது. டேனியலுக்கும் பட்டிருக்க வேண்டும். வகுப்பில் கணக்கு விடை கிடைத்த பையன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். யோசித்து, ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"உங்கள கோவிலுக்குப் போக வேண்டாம்னு சொல்லமாட்டேன். வேலைய விடச் சொல்லமாட்டேன். எவ்வளவு கோவம் வந்தாலும் உங்க அப்பா அம்மாவ இழுத்துப் பேசமாட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "அப்புறம், வாதத்துல தோத்துட்டா மூஞ்சிய தூக்கி வச்சுக்கமாட்டேன்."

"இது நாலுக்கும் என்னால சாட்சி சொல்ல முடியும்" என்றார் கிரேஸ் அக்கா, அன்று முதன்முதலாகப் புன்னகைத்து. "ஆனா பாத்திரம் கழுவமாட்டான். அதையும் இப்பவே சொல்லிடறேன்."

அம்மா உள்ளேயிருந்து பலமாகச் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. தட்டிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து டேனியல் பக்கம் நகர்த்தினார்.

"நீயும் ஏதாவது கேளு தம்பி" என்றார் கடைசியில்.

"ஒண்ணே ஒண்ணுங்க. எங்க சபைக்கு நீங்க வரணும்னு கேக்கல. எப்பவும் வரவேமாட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"வரமாட்டேன்னு சொல்லமாட்டேன்" என்றார் அப்பா.

பெரியப்பாவுக்கு அதைப் பிரித்துப் பார்க்கச் சற்று நேரம் பிடித்தது. "அப்படீன்னா வருவியா, மாட்டியா?"

"ஆய்த்து விடுண்ணா. சொன்னது சொன்னதுதான்" என்று அப்பா எழுந்துவிட்டார். மைசூர்த் தமிழில் 'ஆய்த்து' என்றால் முடிந்தது, இனிப் பேச்சில்லை என்று அர்த்தம். எங்களுக்கு அது வெற்றிலை பாக்கு மாற்றிய மாதிரி.

இரண்டு சபைக் கல்யாணத்துக்கு விசேஷ அனுமதி வாங்க நடந்த நடையைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதலாம். 1965 மே மாதம் கல்யாணம் நடந்தது. எங்கள் கோவிலின் பெரிய பீடத்தில் அனுமதி கிடையாது, பக்கத்துச் சின்னப் பீடத்தில்தான். எங்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு டேனியலின் சபையில் பாட்டு ஆராதனை. கடைசி பெஞ்சில் கோட்டுப் பொத்தானையெல்லாம் போட்டுக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. எல்லாரும் 'இயேசு' என்று பாடிய இடத்தில் அவர் மட்டும் சத்தமாக 'சேசு' என்று பாடினார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கிரேஸ் அக்கா மட்டும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

4

ஜெனீவாவுக்கு வந்தது என் சுருக்கெழுத்தினால். சர்வதேச மாநாடுகளுக்கு ஆங்கிலச் சுருக்கெழுத்தாளர்கள் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பம் போடச் சொன்னவர் டேனியல்தான். பரீட்சை எழுதினேன், தேர்வானேன். நிர்மலா கைக்குழந்தை. "நீ போற இடத்துக்கு நான் வரமாட்டேன்னா சொன்னேன்?" என்று தன் வேலைக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கூடக் கிளம்பினார்.

வெளிநாட்டவரைப் பதிவு செய்யும் அலுவலகத்தில் எங்களை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. வேலைக்கு வருகிற ஆணோடு மனைவி வருவதற்கு அவர்களிடம் வழி இருந்தது. வேலைக்கு வருகிற பெண்ணோடு கணவன் வருவதற்கு வழியே இல்லை. ஒரு குமாஸ்தா இன்னொருவரைக் கூப்பிட, அவர் மேலதிகாரியைக் கூப்பிட, மூன்று பேரும் கூடிப் பேசி, கடைசியில் டேனியலை 'உடன் வரும் மனைவி' என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அடுத்த வருடம் அவருக்கு ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார் வேலை கிடைத்த பிறகுதான் அவர் ஆண் ஆனார். இடைப்பட்ட காலத்தில் பாத்திரம் கழுவக் கற்றுக்கொண்டார். கிரேஸ் அக்காவுக்கு அதை எழுதியபோது, நம்பமாட்டேன், போட்டோ அனுப்பு என்று பதில் வந்தது. அனுப்பினோம்.

காலையில் அவர் நிர்மலாவைக் கிளப்புவார். நான் இட்லிக்குப் பதிலாக ரொட்டி, சட்னிக்குப் பதிலாக ஜாம் என்று மேஜையில் வைப்பேன். ஏரிப்பக்கம் பனிமூட்டமாக இருக்கும். டிராமில் யாரும் யாரோடும் பேசமாட்டார்கள். மைசூரில் டவுன் பஸ் ஏறினால் இறங்குவதற்குள் பக்கத்து சீட்டுக்காரரின் மருமகள் எந்த ஊர் என்பதுவரை தெரிந்துவிடும். இங்கே தினமும் எதிர் சீட்டில் உட்காரும் அம்மாளுக்கு நான் வணக்கம் சொல்லப் பழகவே ஒரு குளிர்காலம் ஆயிற்று.

எனக்குக் கிடைத்த மாநாடு எது என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஆயுதக் குறைப்பு மாநாடு. லைப்ரரி வாசற்படியில் நாங்கள் பேசியதையே, கோட்டு போட்ட பெரியவர்கள் நீளமான மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள். நான் பேசாமல் எழுத வேண்டும். அதுதான் கஷ்டம்.

5

குண்டு இல்லாத நாடுகள் இனிமேலும் குண்டு செய்வதில்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு ஒரு ஒப்பந்தம் தயாராகிக்கொண்டிருந்தது. சரி, எங்கள் கையைக் கட்டிக்கொள்கிறோம், எங்களை யாராவது அணுகுண்டைக் காட்டி மிரட்டினால் என்ன செய்வது என்று அந்த நாடுகள் கேட்டன. 1968 வசந்தத்தில் மூன்று பெரிய நாடுகள் சேர்ந்து அதற்கு ஒரு வாசகம் கொண்டுவந்தன. அப்படி ஒரு தாக்குதலோ மிரட்டலோ நடந்தால், உலக நாடுகளின் பாதுகாப்புச் சபை மூலமாக உடனடியாக உதவி கிடைக்க ஆவன செய்வோம் என்பது அதன் சாரம்.

அதை எழுதிக்கொண்டிருக்கும்போதே எனக்கு அந்த ஹெட்மாஸ்டரின் குரல் கேட்டது. நிலைமைய ஆராய்ஞ்சு, தகுந்த நேரத்துல. அந்தச் சபையில் ஒரு பெரிய நாடு மறுத்தாலும் போதும், எதுவும் நகராது என்பது மேஜையைச் சுற்றி இருந்த எல்லாருக்கும் தெரியும். மிரட்டுகிறவனே அந்தப் பெரிய நாடாக இருந்துவிட்டால்?

அப்போது ஒரு சிறிய நாட்டின் பிரதிநிதி பேச எழுந்தார். எந்த நாடு என்று நான் சொல்வது முறையல்ல. வயதானவர், பிரெஞ்சில் பேசினார். நல்ல சளி. உதவிக்கு வருவோம் என்பதற்கு நன்றி சொன்னார். பிறகு, "இன்னும் சுலபமான ஒன்றைக் கேட்கிறோம்" என்று ஆரம்பித்தார். அடுத்த வாக்கியத்தில் சரியாக மறுப்பு வர வேண்டிய இடத்தில் இருமிவிட்டார்.

பிரெஞ்சில் மறுப்பு என்பது இரண்டு துணுக்குச் சொற்கள். தமிழில் 'மாட்டேன்' கடைசியில் வந்து ஆணி அடித்த மாதிரி உட்காரும், யாரும் தவறவிட முடியாது. அவர்களுடையது நடுவில் எலி ஓடுகிற மாதிரி ஓடிவிடும். அன்று இரண்டும் இருமலோடு போய்விட்டன. காதில் மாட்டியிருந்த கருவியில் ஆங்கில மொழிபெயர்ப்பு இப்படி வந்தது: "இந்த ஆயுதங்களை எங்கள்மீது பயன்படுத்துவோம் என்று எங்களுக்கு உறுதி கொடுங்கள்."

பிறகு மண்டபமே சிரித்தது. மொழிபெயர்ப்பாளர் தவற்றை உணர்ந்து மன்னிப்புக் கேட்டார். பிரதிநிதியும் சிரித்துக்கொண்டே திருப்பிச் சொன்னார். அந்தச் சத்தத்தில் திருப்பிச் சொன்னது யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. இடைவேளையில் என் மேற்பார்வையாளர் அம்மாள் என்னிடம், "நேரில் போய் அவருடைய வாக்கியத்தை வார்த்தை வார்த்தையாகக் கேட்டு எழுதிக்கொண்டு வா" என்றாள்.

அவர் ஜன்னலோரம் தேநீரோடு நின்றிருந்தார். சொல்லச் சொல்ல எழுதினேன். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: 'எங்களைக் காப்பாற்ற வருவோம் என்பது இருக்கட்டும்; குண்டு வைத்துக்கொள்ளாத எங்கள்மீது அதைப் பயன்படுத்தமாட்டோம், அதைக் காட்டி மிரட்டமாட்டோம் என்று சொல்லுங்கள்.'

என் பென்சில் நின்றுவிட்டது. அவர் என் முகத்தைப் பார்த்தார். "ஏதாவது புரியவில்லையா?"

"நன்றாகப் புரிகிறது ஐயா. கல்யாணத்துக்கு முன்னால் இதையே என் கணவரிடம் கேட்டேன். என்ன செய்யமாட்டீர்கள் என்று சொல்லுங்கள் என்றேன்."

அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "பதில் சொன்னாரா?"

"சொன்னார். சாட்சிகள் முன்னால், நான்கு."

"மீறியிருக்கிறாரா?"

"இதுவரை இல்லை. நான்காவதில்தான் அவ்வப்போது தடுமாறுவார்."

மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மறுபடி இருமல் வந்துவிட்டது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, "அம்மா, அந்த மனிதரை நாளைக்கு இங்கே கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்தப் பக்கம் ஒரு நாற்காலியில் உட்காரவைக்கலாம்" என்று பெரிய நாடுகள் உட்காரும் பக்கத்தைக் காட்டினார்.

அன்று மாலை வீட்டில் இதைச் சொன்னபோது டேனியலுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று நாள் நடையே மாறியிருந்தது.

ஆனால் அந்த வரி வாசகத்தில் ஏறவில்லை. உதவிக்கு வருவோம் என்பது மட்டும் நின்றது. வேறு சில சிறிய நாடுகளும் எழுந்து அதையே கேட்டன. ஒவ்வொரு தடவையும் நான் எழுதினேன். கவனமாகப் பரிசீலிக்கிறோம் என்றார்கள், அதையும் எழுதினேன். நம் நாடு, இப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடமுடியாது என்று சொல்லிவிட்டது. இந்த மார்ச்சில் அந்த ஒப்பந்தம் நடைமுறைக்கும் வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் இப்போது கட்சி மாறிவிட்டது. கையெழுத்துப் போடாதது சரி என்கிறார் டேனியல். எல்லாரும் சேர்ந்து உள்ளே இருந்து கேட்டால்தான் அந்த வரி வரும் என்கிறேன் நான். மேஜையில் விரல் ஆடும், குரல் ஏறும். நிர்மலா இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். அவள் பள்ளியில் சொன்னதில் என்ன தப்பு?

6

இந்தக் குறிப்பை நேற்றே முடித்திருப்பேன். நேற்று சாயங்காலம் ஒரு சின்ன விஷயம் நடந்ததால் இன்றைக்கு ஆயிற்று.

இங்கே ஒரு கைக்கடிகாரக் கம்பெனியில் ஆங்கிலக் கடிதப் போக்குவரத்தைக் கவனிக்க ஆள் தேடுகிறார்கள். எங்கள் மாடியில் குடியிருப்பவர் அங்கே பெரிய பதவியில் இருக்கிறார். வேலை உங்களுக்குத்தான் என்று என்னிடம் சொல்லிவிட்டார். மதியமே வீடு திரும்பலாம். நிர்மலாவோடு கூடுதல் நேரம் இருந்து தமிழ் பேசலாம். மாநாட்டில் ஒரே பேச்சைத் திருப்பித் திருப்பி எழுதி விரல் வீங்குவதும் இல்லை. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

சாப்பாட்டுக்குப் பிறகு டேனியல் பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"நல்ல வேலைதானே செலின்? ஏன் யோசிக்கிற?"

"நல்ல வேலைதாங்க. குழந்தைய நினைச்சா ஆசையாவும் இருக்கு."

"அப்புறம் என்ன?"

எனக்கே சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. "நான் அங்க போயிட்டேன்னு வைங்க. ஏதோ ஒரு நாள், அந்த மேஜைல யாராவது எழுந்து, பயன்படுத்தமாட்டோம்னு சொல்லிடறாங்கன்னு வைங்க. நான் கடியாரத்துக்கு லெட்டர் எழுதிட்டு இருப்பேன்."

அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்தார். சிரிக்கவில்லை.

"இத்தனை வருஷமா சொல்லாதவங்க. இன்னும் பத்து வருஷம் ஆனாலும் சொல்லலைன்னா?"

"கேக்கிறவங்க கேட்டுட்டேதானே இருப்பாங்க? அதையும் யாராவது எழுதணும்ல?"

நான் ஒரு எதிர்வாதத்துக்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன்.

"இதுக்கு என்கிட்ட பதில் இல்ல" என்றார். "நாளையிலிருந்து குழந்தைய நான் சீக்கிரம் கூட்டிட்டு வர்றேன். தமிழும் நானே சொல்லித் தர்றேன். ஆனா ஒண்ணு, அவ இயேசுன்னுதான் படிப்பா."

"சேசு!" என்று அடுத்த அறையிலிருந்து ஒரு குரல் கேட்டது. தூங்குகிறாள் என்று நினைத்திருந்தோம்.

மாடிக்காரருக்கு இன்று காலையே நன்றி சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமை மாநாடு கூடுகிறது. பென்சில் சீவி வைத்திருக்கிறேன்.